தீக்கும் சாவுக்கும் மட்டும் ஒரு தொலைபேசி

ஜப்பானின் தெற்கு மலையில் இருக்கும் எங்கள் காமினோசேயில் இருபத்துமூன்று வீடுகள். அதில் இருபத்திரண்டு வீட்டார் என்னைக் கண்டால் உடனே வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மழை வருமா என்று பார்க்கிறார்கள் போல என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். இருபத்துமூன்றாவது வீடு என்னுடையது.

இதற்கெல்லாம் காரணம் ரைஸ் குக்கர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ககோஷிமா நகரத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரன் மலையேறி வந்தான். கண்ணாடி இழை ஒன்று இருக்கிறதாம், தலைமயிரைவிட மெல்லிசாம், அதற்குள்ளேயே போன், இணையம், டிவி எல்லாம் ஓடுமாம். ஊரில் எல்லா வீடும் பழைய செம்புக் கம்பி போனைக் கழற்றிவிட்டு அவனிடம் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் இனாம். ஒரு வீடு பின்வாங்கினாலும் யாருக்கும் கிடையாது.

நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"கரண்டு போனா உன் பெட்டி பேசுமா, தம்பி?"

"கரண்டு எதுக்குத் தாத்தா போகப்போவுது?" என்று அவன் சிரித்தான். பதிலுக்குக் காத்திருந்தேன். அவனும் சிரித்துக்கொண்டே இருந்தான். இடையில் நான் போய் முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் ஹிதாகா வந்தான். ஊர்ச் சங்கத் தலைவன். ஊர்த் தீயணைப்புப் படைக்கும் அவன்தான் தலைவன். எந்தப் பதவி தெருவில் கிடந்தாலும் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். வயது அறுபத்துமூன்று, பதினோரு மாடு.

"பெரியவரே, ஒத்தக் கையெழுத்து. ஊரே காத்திட்டிருக்கு."

"ஊருக்குச் சோறு வேகலையா?"

"இது சோத்துப் பிரச்சினையில்ல. ஒத்துமைப் பிரச்சினை."

"அப்ப குக்கரை வேணாம்னு சொல்லிட்டு ஒத்துமையா இருங்களேன்."

அவன் என் கறுப்பு டயல் போனைச் செத்த பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இதைக் கட்டிக்கிட்டு அழப்போறீங்களா?"

"இது யாரையும் கட்டிக்கச் சொல்லல. கரண்டுகூடக் கேக்காது. டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து கம்பி வழியாவே சோறு வந்துடும் இதுக்கு."

மற்ற இருபத்திரண்டு வீட்டுக்கும் கண்ணாடி இழை வந்தது, குக்கர் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து சங்கத்தின் சுற்றுப் பலகை என் வீட்டைத் தாண்டிப் போனது. எங்கள் ஊரில் எல்லா அறிவிப்பும் ஒரு அட்டைப் பலகையில் செருகப்பட்டு வீடு வீடாகக் கைமாறும். பார்த்தவர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மா அதை இடுப்பில் ஒளித்துக்கொண்டு என் வாசலை ஓட்டமாய்க் கடந்தாள். எழுபத்தெட்டு வயதில் அந்த ஓட்டம் பெரிய விஷயம்தான். புயல் வந்தால் ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்யும் தொடர்ப்பட்டியல் ஒன்றும் உண்டு. அதிலிருந்தும் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

இதற்குப் பழைய பெயர் உண்டு: பத்தில் எட்டு விலக்கு. ஊரோடு பத்துக் காரியத்தில் கொடுக்கல் வாங்கல் என்றால் எட்டை வெட்டிவிடுவது. மிச்சம் இரண்டு, தீயும் சாவும். அவற்றை மட்டும் வெட்ட முடியாது. தீ பரவும், பிணம் நாறும், ஊருக்கே கேடு. இப்போது இதெல்லாம் சட்டப்படி குற்றம். அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான்தான் ஹிதாகாவை வழிமறித்துக் கேட்டேன்.

"அப்ப எனக்கு எட்டு விலக்கா?"

"நான் அப்படிச் சொல்லல."

"தீக்கும் சாவுக்கும் வருவீங்கல்ல?"

"அதுக்கு வருவோம்," என்றான் வானத்தைப் பார்த்தபடி. "சாவுக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே வர்றோம்."

போன வருஷம் செப்டம்பரில் பதினாறாம் நம்பர் புயல் வந்தது. காற்று எப்படி என்றால், சங்கக் கட்டடத்தின் கூரையைத் தூக்கிப் பக்கத்து மலை ஊரில் வைத்தது. அவர்கள் அதை மடித்து, "உங்களுடையது என நினைக்கிறோம்" என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். சுற்றுப் பலகையும் பறந்தது. பறந்து நேராக என் வாசலில் விழுந்தது. காற்றுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியவில்லை. நான் பொறுப்பாக முத்திரை குத்தித் திரும்பக் காற்றிலேயே விட்டேன்.

முதல் நாளே கரண்டு போயிற்று. கரண்டு போன அந்த நிமிஷமே இருபத்திரண்டு வீட்டுக் கண்ணாடி இழைப் பெட்டிகளும் கண்ணை மூடின. கைப்பேசிக் கோபுரம் தன் பேட்டரியில் சாயங்காலம்வரை இழுத்துக்கொண்டு கிடந்து அதுவும் போனது. சங்கத்தின் ஜெனரேட்டரை ஆறு வருஷமாக யாரும் தொட்டதில்லை. கயிற்றை இழுத்தபோது உள்ளேயிருந்து ஒரு எலிக் குடும்பம் குழந்தைகளோடு இறங்கி வந்ததாம்.

என் செம்புக் கம்பிமேல் மூன்று தேவதாரு மரங்கள் சாய்ந்திருந்தன, குடித்துவிட்டு நண்பன் தோளில் சாய்வதுபோல. கம்பி அசரவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். காதில் கொய்ங் என்றது. அவ்வளவு இனிமையான சத்தம் என் கல்யாணத்தில்கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் காற்று அடங்கியது. ஹிதாகா என் வாசலில் வந்து நின்றான். முழங்கைவரை ரத்தமும் சளியும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"ஹனாயோவுக்கு வலி எடுத்து ஆறு மணி நேரமாச்சு. ஒத்தக் காலுதான் வெளிய தெரியுது. டாக்டருக்குப் போன் பண்ணணும்."

ஹனாயோ அவனுடைய மாடு. வட்டாரப் போட்டியில் ஜெயித்தவள். மற்ற பத்து மாட்டையும் எண்ணித்தான் சொல்வான். இவளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் பெண்டாட்டிகூடச் சொல்வாள், மறுபிறவியில் அந்தத் தொழுவத்தில் பிறந்தால் தேவலை என்று.

"தீயா?" என்று கேட்டேன்.

"என்ன?"

"தீயா, சாவா? அது ரெண்டுக்குந்தான் நமக்குள்ள பேச்சு. பிரசவம் பட்டியல்ல இல்ல, தலைவரே."

அவன் திரும்பி ஓடினான். ஒரு கட்டு வைக்கோலோடு வந்து என் முற்றத்து நடுவில் போட்டு, லைட்டரைக் கிளிக்கினான். ஈர வைக்கோல். மூன்றாம் கிளிக்கில்தான் பற்றியது.

"இந்தா, தீ. போதுமா, கிழட்டு முண்டமே?"

வழக்கம் வழக்கம்தான். நான் 119-ஐச் சுழற்றினேன்.

"தீயா, ஆம்புலன்ஸா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"தீ. காமினோசே. இவாகிரி வீட்டு முற்றம், என் வீடுதான்."

"உங்க ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவருக்குத் தகவல் சொல்றோம். லைன்ல இருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அவர் போன் போகல, ஐயா," என்றது.

"போகாதுங்க. அவர் இங்கதான் இருக்கார். அவர்தான் வச்சார்."

"வச்சாரா? எதை?"

ஹிதாகா ரிசீவரைப் பிடுங்கினான். தீ கட்டுக்குள் இருக்கிறது, ஒரு கட்டு வைக்கோல்தான், ஆளுக்கு ஆபத்தில்லை என்று படைத்தலைவன் குரலில் அறிக்கை கொடுத்தான். இடது காலால் மிதித்து அணைத்துக்கொண்டே பேசினான். பிறகு குரல் மாறியது. "அப்படியே கால்நடை டாக்டருக்கு ஒரு இணைப்பு..." என்றான். அவர்கள் வைத்துவிட்டார்கள்.

"டாக்டர் நம்பரைச் சுத்துங்க," என்றான்.

"தீ அணைஞ்சுபோச்சே."

"மாடு செத்துடும், பெரியவரே."

"சாகட்டும், அப்புறம் பட்டியல்ல வரும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே தெரிந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்வதற்கு என் வாய்க்குப் பழக்கமில்லை. அப்போது கீழே தொழுவத்திலிருந்து ஹனாயோ கத்தினாள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து. அது ஹிதாகாவைக் கூப்பிடும் சத்தமில்லை. யாரையாவது கூப்பிடும் சத்தம்.

"உனக்காகப் பண்ணல," என்றேன். "என்னை விலக்கி வச்ச கூட்டத்துல ஹனாயோ கை தூக்கல. அவளுக்காகப் பண்றேன். நீ சும்மா கூட வந்தவன்."

டாக்டர் அரிமுரா அம்மாவின் நம்பரில் நான்கு ஒன்பது, மூன்று பூஜ்யம். டயலில் ஒவ்வொரு ஒன்பதும் போய்த் திரும்பி வருவதற்குள் ஹிதாகா ஒரு வயது கூடினான். ஏழாம் எண்ணில் என் விரல் வழுக்கியது, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். வேண்டுமென்று செய்தேன் என்று இன்றும் ஊரில் சொல்கிறான். இல்லை. ஒரு தடவைதான் வேண்டுமென்று செய்தேன், அது வேறு தடவை.

டாக்டரம்மா இருந்தது கீழே டவுனில். அங்கே ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் உண்டு. எலி இல்லாதது.

"ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. நாளைக்குத்தான் வர முடியும்," என்றார். "போன்லயே சொல்றேன். போனை மாட்டுகிட்ட கொண்டு போங்க."

"இது மூணு மீட்டர் வயர், டாக்டரம்மா. தொழுவம் அறுபது மீட்டர்."

"அப்ப மாட்டைப் போன்கிட்ட கொண்டு வாங்க."

கொண்டுவந்தோம். அதாவது, அவன் கொண்டுவந்தான், நான் ரிசீவரைப் பிடித்தபடி அவன் கொண்டுவரும் விதத்தைக் குறை சொன்னேன். ஹனாயோ என் முன்கட்டுக்குள் தலை நுழைத்து, வழியில் செருப்பு அலமாரியையும் நிலைக்கதவு ஒன்றையும் தன்னோடு அழைத்துக்கொண்டு வந்து, மண்தரையில் பெருமூச்சோடு படுத்தாள். வீட்டில் அதற்குப் பிறகு இடம் இல்லை. நான் படியில் ஏறிச் சுவரோடு சுவராக நின்றேன்.

"இன்னொரு கால் உள்ள மடங்கியிருக்கு," என்றார் டாக்டர். "வலி விடுற நேரம் பாத்து, கன்னைக் கொஞ்சம் உள்ள தள்ளச் சொல்லுங்க. மெதுவா."

"டாக்டரம்மா சொல்றாங்க," என்றேன் ஹிதாகாவிடம். "மெதுவாத் தள்ளணுமாம். ஆளைத் தள்ளி வைக்கிற மாதிரி முரட்டுத்தனமா வேணாமாம்."

"அவங்க அப்படிச் சொல்லல."

"சொல்லப்போறாங்க."

"குளம்பை உள்ளங்கையில மூடிக்கச் சொல்லுங்க, கர்ப்பப்பை கிழிஞ்சிடும்," என்றார் டாக்டர். "மூடிக்கிட்டே கால முன்னால இழுக்கணும்."

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. அப்படியே சொன்னேன். ஹிதாகாவின் கை தோள்வரை உள்ளே இருந்தது. அவன் கன்னம் மாட்டின் தொடையில் அழுந்தி, ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"கெடச்சுதான்னு கேக்குறாங்க."

"வழுக்குது."

"உன் வாய்க்கு வழுக்காதே, கைக்கு ஏன் வழுக்குது?"

"நீ செத்தா," என்றான் பல்லைக் கடித்து, மரியாதையெல்லாம் மாட்டுக்குள் விட்டுவிட்டு, "உன் பெட்டிக்கு நாந்தான் முதல் ஆணி அடிப்பேன்."

"கோணலா அடிப்ப. கெடச்சுதா?"

"கெடச்சுது."

இரண்டு காலும் வந்தன. டாக்டர் கயிறு கட்டச் சொன்னார். என் வீட்டில் இருந்த ஒரே கயிறு என் பழைய வேட்டைப் பையின் கயிறு; கொடுத்தேன். மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், கீழ்நோக்கி. ஹிதாகா இழுத்தான், போதவில்லை. நான் ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தேன். எண்பத்தொரு வயதில் நான் இழுத்த இழுப்பில் வீடே நான்கு அங்குலம் தெற்கே நகர்ந்தது, அளந்து பார்க்கலாம். கன்று சளசளவென்று எங்கள் இரண்டு பேர்மேலும் விழுந்தது.

மூச்சு இல்லை.

"வைக்கோலால மூக்குல குத்துங்க. தேய்ங்க. விடாதீங்க," என்றார் டாக்டர்.

ஹிதாகா தன் சட்டையைக் கழற்றித் தேய்த்தான். தேய்க்கும்போது அவன் எதுவோ சொல்லிக்கொண்டிருந்தான், எனக்குச் சொன்னதில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் கன்று தும்மியது. தும்மலில் பாதி என் முகத்தில்.

"பொட்டக் கன்னு, டாக்டரம்மா."

"நல்லது. இன்னும் முடியல. அது எந்திரிச்சு சீம்பால் குடிக்கணும். குடிச்சிட்டுதுன்னு நான் கேக்குறவரைக்கும் போனை வைக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. நாற்பது நிமிஷம் நானும் ஹிதாகாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். ரிசீவரில் டாக்டரம்மா மூச்சு விடும் சத்தம் மட்டும். தாய் நக்கிக்கொண்டே இருந்தது.

கன்று பின்னங்கால்களை முதலில் தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. ஹிதாகா கை நீட்டினான், தொடவில்லை. நான்கு காலும் தரையில் நின்றன, நான்கும் நான்கு திசையில். அது தாயின் மடியை நோக்கி ஓரடி வைத்தது. அடுத்த அடியில் போன் வயர் அதன் முன்னங்காலில் சுற்றியது. மூன்றாம் அடியில் போன் அலமாரியிலிருந்து கிளம்பி, டயல் சுழலச் சுழலக் கல்படியில் விழுந்து மூன்றாய் உடைந்தது. சுவரிலிருந்த பெட்டி கம்பியோடு பிய்ந்து வந்தது. கன்று எதையும் கவனிக்கவில்லை. காம்பைப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தது.

ரிசீவர் இன்னும் என் காதில் இருந்தது. அதில் எதுவும் இல்லை.

ஹிதாகா சிரித்தான். தரையில் உட்கார்ந்தபடி, சட்டையில்லாமல், ரத்தத்தோடு, இருமல் வரும்வரை சிரித்தான். "இப்ப நீயும் எங்களோடதான், பெரியவரே," என்றான்.

மறுநாள் காலை டாக்டரம்மா விழுந்த மரங்கள்மேல் ஏறி இறங்கி ஆறு மைல் நடந்தே வந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ் இரண்டிலும் தண்ணீர். கன்று பிழைத்ததா என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். என் முன்கட்டில் மாடும் கன்றும் நிம்மதியாய்ப் படுத்திருப்பதைப் பார்த்தார். கன்றின் வயிற்றைத் தடவினார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நடுவுல போனைக் கட் பண்ணது யாரு?"

நான் ஹிதாகாவைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார்.

போனோம்.