ஒரு சாண் கீழே

"அந்தத் திரையை மட்டும் தொடாதம்மா" என்றாள் சகாயமேரி.

மருமகள் ஜெயகுமாரி நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். "புழுக்கம் தாங்கல அத்தே. மெழுகுவத்திப் புகை, ஊதுவத்திப் புகை, இத்தினி ஜனம். ஜன்னலத் தொறந்தாத்தான காத்து வரும்? மாமா மொகத்துல ஈ உக்காருது பாருங்க."

"விசிறு. வாசக்கதவு தொறந்துதான கீது."

"அந்த ஒரு ஜன்னல்ல அப்படி இன்னாதான்..."

"வேணாம்னா வேணாம்."

குரல் கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் செத்த அன்றைக்கு ஒரு பொம்பளை எப்படிப் பேசினாலும் சரிதான் என்பதுபோல மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெயகுமாரி ஓலை விசிறியை எடுத்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிரகாசம் பெஞ்சின் மேல் நீட்டிப் படுத்திருந்தார். விடியற்காலையில், "மேரி, காப்பி கெடைக்குமா?" என்று கேட்டார். அவள் டபராவோடு வந்து பார்த்தபோது, கேட்ட வாய் கேட்டபடியே இருக்க, ஆள் இல்லை. காப்பி இன்னும் அலமாரி மேல் ஆடை கட்டிப்போய் இருந்தது. எடுத்துக் கொட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகன் அருள்தாஸ் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். "கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேம்மா. ரெண்டு மணி ஷிப்டு விட்டதும் எல்லாரும் வராங்களாம். நாலு மணிக்கு மாதா கோயிலுக்கு எடுத்துடலாம்னு சாமியார் சொல்லிட்டாரு."

"எல்லாரும்னா?"

"பழைய ஆளுங்க எல்லாரும். பஷீர் பாய் பூந்தமல்லிலருந்து கெளம்பிட்டாராம். கன்னியப்பன் மாமா வராரு..."

சகாயமேரி திரையைப் பார்த்தாள். கன்னியப்பன் வருகிறார்.

மண்ணூர்பேட்டையில் அந்தத் தெருவில் பாதி வீடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுடையது. பிட்டர் பிரகாசம் என்றால் எல்லாருக்கும் தெரியும். இரும்பை அரம் போட்டு ராவி, மட்டக்கோலோடு சேர்த்து வைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். நடுவே நூல் வெளிச்சம் தெரிந்தால்கூட அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தன் வேலைக்கும் அதே சட்டம், அடுத்தவன் வேலைக்கும் அதே சட்டம். ஒருநாள் கன்னியப்பன் செய்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இன்னா கன்னியப்பா, வெளிச்சம் மட்டுமா போவுது, ஒரு பல்லியே போவும் போலக் கீதே" என்று சொல்லிவிட்டார். மொத்த ஒர்க்ஷாப்பும் சிரித்தது. ஆறு வருஷம் அந்த மனுஷனுக்குப் 'பல்லி' என்றே பேர். பிரகாசம் ரிடையர் ஆன அன்று, பிரியாணி இலைக்கு முன்னால் உட்கார்ந்து கன்னியப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் வேலைலயும் ஒருநாள் பல்லி பூரும் மச்சான். அன்னிக்கு நான் வந்து நின்னு பாக்கறேன்."

அது விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்தப் பல்லி இப்போது இந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது.

பஷீர் அகமது பதினொரு மணிக்கு ரோஜா மாலையோடு வந்தார். இருபது வருஷம் பிரகாசத்துக்குப் பக்கத்து பெஞ்சில் நின்றவர். மாலையைப் போட்டுவிட்டு, காலைத் தொட்டார். "போய்ட்டியா அண்ணாத்தே" என்றார், பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிற மாதிரி.

சற்று நேரத்தில் கோயில் உபதேசியார் பால்ராஜும் அருள்தாஸும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து பிரகாசத்தைக் குளிப்பாட்டப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வாசல் பந்தலுக்கு நகர்ந்தார்கள். கூடம் காலியானது. சகாயமேரி பஷீரை மட்டும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாய், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இன்னா அண்ணி இது. சொல்லுங்க."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியைக் காலால் இழுத்தாள். "இதுல திருப்புளி கீது. ஒரு வேல செஞ்சி குடுக்கணும். அவரத் திரும்பத் தூக்கியாறதுக்குள்ள முடியணும்."

பஷீர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவள் இடது கையால் திரையை விலக்கினாள்.

கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்பு ஜன்னல்கள். இடது பக்க ஜன்னலில் கைப்பிடி நட்டநடுவில், ஆள் உயரத்துக்கு இருந்தது. வலது பக்க ஜன்னலில் புதுக் கைப்பிடி, பித்தளை பளபளவென்று, ஒரு சாண் கீழே இறங்கி இருந்தது. தாலுகா ஆபீஸ் மேஸ்திரிகூட அப்படிப் போடமாட்டான்.

"யாரு போட்டது அண்ணி இத?"

"அவருதான்."

பஷீர் திரும்பிப் பார்த்தார்.

"பழசு தேஞ்சி கழண்டு வுழுந்துடுச்சி பாய். ஒரு மாசம் துணியக் கிழிச்சிக் கட்டி வெச்சிருந்தோம். போன மாசம் இவரே போட்டாரு, யாரையும் கூப்பிடக் கூடாதுன்னுட்டாரு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவருக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. அருளுக்குக்கூட சொல்லல நான். செருப்பக் கோயில்லயே உட்டுட்டு வெறுங்காலோட வருவாரு. கார்டு இல்லாம ரேஷன் கடைல போயி நிப்பாரு. ஒரு கைப்புடி ஒடஞ்சதுக்கு நாலு வாங்கியாந்தாரு. அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு என்னக் கூப்பிட்டு, 'மேரி, இங்க வந்து கம்பியப் புடிச்சிக்கினு நில்லு, பால்காரன் வரானா பாரு'ன்றாரு. மூணு மணிக்கு எந்தப் பால்காரன் பாய் வருவான்?"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? நின்னேன். இன்னும் வரலன்னு சொன்னேன்."

பஷீர் சிரிக்கவில்லை.

"போட்டு முடிச்சிட்டு, எப்படி கீதுன்னு கேட்டாரு. நல்லா கீதுன்னேன். மறுநாளே ஒரு பழைய பொடவையக் கிழிச்சித் திரையா மாட்டச் சொன்னேன். வெயில் அடிக்குதுன்னேன். அவரு தெனம் காலைல ஒதுக்கி உடுவாரு, நான் தெனம் இழுத்து உடுவேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கன்னியப்பன் அண்ணன் வராரு பாய். அவரு பாத்தாருன்னா சும்மாவா இருப்பாரு? மொத்த எஸ்டேட்டும் வருது. இவரு இங்க படுத்துகினு கீற அன்னிக்கா இது ஊர் வாயில வுழணும்? அந்தப் பழைய ஓட்டையிலயே மாத்திடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேல."

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பஷீர் பெட்டியைத் திறந்தார். திருப்புளிக்குக் கீழே, தினத்தாளில் சுற்றிய மூன்று கைப்பிடிகள் இருந்தன. வாங்கிவந்த மாதிரியே இருந்தன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கார்ப்பெண்டர் பென்சிலால் எழுதியிருந்தது. பஷீர் வாசித்தார். "கூடம் ரெண்டாவது ஜன்னல். சமையல் ரூம். படுக்குற ரூம்." எழுத்துக்குக் கீழே ஒரே அளவு, மூன்றிலும்.

அவர் எழுந்து ஜன்னலிடம் போனார். பழைய கைப்பிடி இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேடினார். ஓட்டை இல்லை. ஸ்க்ரூவை முறுக்கி, தலையை அறுத்து, அரம் போட்டுச் சமமாக்கி, மேலே பெயின்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் தெரிந்தது. புதுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். சட்டத்தில் கைப்பிடியின் நாக்கு போய் உட்காருவதற்குப் புதிதாக ஒரு காடி ராவியிருந்தது, நாலு முனையும் கத்தரித்ததுபோல.

"அண்ணி" என்றார். "இந்த ஜன்னல யாரு தொறப்பாங்க?"

"நான்தான்."

"அந்தப் பக்கத்தது?"

"அது அவருதான் தொறக்கணும். எனக்குத்தான் பம்பாண்ட வுழுந்ததுலருந்து கை மேல போவாதே. தல சீவறதுக்கே ஜெயா வரணும். அத எங்க நான்..."

அவள் நிறுத்தினாள்.

வலது கையை மெதுவாகத் தூக்கினாள். மார்புக்கு மேலே கொஞ்சம் ஏறியதும் தோள் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் விரலுக்கு நேராகப் பித்தளைக் கைப்பிடி இருந்தது.

அன்றைக்கு அவள் பால்காரனைப் பார்த்து நின்ற இடமும் அதுதான். பின்னால் அவர் பென்சிலை வைத்துக்கொண்டு என்னவோ முனகிக்கொண்டிருந்தார். 'வரலையா? சரி, இன்னும் கொஞ்சம் நில்லு' என்றார்.

பஷீர் திருப்புளியைப் பெட்டியில் வைத்தார். மூன்று பொட்டலத்தையும் அதே மாதிரி அடுக்கி மூடினார். "முப்பதாம் நாள் பூசைக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம வரேன் அண்ணி. அளவெல்லாம் எழுதி வெச்சிட்டுப் போய்கீறாரு. எனக்கு வேலையே இல்ல."

சகாயமேரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். இடது கையால் திரையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து புடவைத் துண்டு அவள் காலடியில் விழுந்தது. கம்பிக்குள் கையை விட்டுக் கைப்பிடியைத் திருப்பி, ஜன்னலை வெளியே தள்ளினாள். காற்று வந்தது.

ஜெயகுமாரி வாளியோடு உள்ளே வந்தவள், ஜன்னலையும் தரையில் கிடந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்பதான வேணாம்னீங்க?" என்று கேட்கப்போனவள், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைக் கழுவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினாள். "துண்டு துணியெல்லாம் அலசிப் போட்டுட்டேன் அத்தே. அந்தக் கொடியத்தான் மாமா ஏன் அவ்ளோ தாழ்த்திக் கட்டினாரோ தெரியல. போர்வை போட்டா மண்ணுல பொரளுது. உங்க புள்ளையாண்ட சொல்லி நாளைக்கு ஏத்திக் கட்டச் சொல்லணும்."

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் சகாயமேரி.

பிரகாசத்தை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கொண்டுவந்து சவப்பெட்டியில் கிடத்தினார்கள். விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். இடது ஆள்காட்டி விரல் நகம், என்றோ சுத்தியல் பட்டு நசுங்கியது, மணிகளுக்கு நடுவே தெரிந்தது.

இரண்டரைக்குக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். காக்கிச் சட்டையோடு சிலர், ரிடையர் ஆகி வெள்ளைச் சட்டைக்கு மாறியவர்கள் சிலர். கன்னியப்பன் கடைசியாக வந்தார். தலைமாட்டில் நின்று, "எனக்கு முன்னாடி ஷிப்ட முடிச்சிக்கினியா மாமே" என்றார். வேர்த்துக் கொட்டவும் காற்றுக்காக ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

சகாயமேரி பெட்டியோரம் உட்கார்ந்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் இடது ஜன்னலைப் பார்த்தார். வலது ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் இடது. வாசல்படியில் நின்ற பஷீர் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி" என்றார் கன்னியப்பன். "இது யாரு போட்டது?"

கூடத்தில் பேச்சு அடங்கியிருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அவருதாண்ணே."

"ஒரு சாண் எறங்கிக் கீதே?"

"ஆமா. எறக்கித்தான் போட்டாரு. எனக்குக் கை தூக்க வராது."

கன்னியப்பன் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கைப்பிடியை இறக்கினார். டக் என்று உட்கார்ந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முட்டியில் கை ஊன்றிக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே பார்த்தார். வெளியே ஆனி மாதத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். அவ்வளவு பேரும் அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"வெளிச்சம் போவல" என்றார், படுத்திருந்தவரிடம்.

பிறகு ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். மூடியை வைத்தார்கள். தூக்கியதும் பெண்கள் பாட்டை ஆரம்பித்தார்கள். ஜெயகுமாரி மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அருள்தாஸ் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, ஜன்னல் தொறந்து கீது. யாராவது சாத்தச் சொல்லு, எட்டாது உனுக்கு."

"நீ நடப்பா" என்றாள். "பின்னாடியே வரேன்."

கூடம் காலியாக இருந்தது. அலமாரி மேல் காப்பி டபரா இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, வீட்டோரக் கொடியில் அவருடைய துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு முனை மண்ணைத் தொட்டபடி. சகாயமேரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பாட்டுச் சத்தம் தெருமுனைக்குப் போயிருந்தது. அவள் கம்பிக்குள் வலது கையை விட்டு, ஜன்னலை இழுத்து, கைப்பிடியை இறக்கினாள். முழங்கை மடிந்தபடியே இருந்தது.