லேஞ்சிக்குள் ஈ

பாலையூற்றுக் குடிமறப்பு இல்லத்தில் பொய் சொல்பவர்களின் வாயிலிருந்து ஈ பறந்தது. முதல் ஈ பறந்தது அறுபத்திரண்டாம் ஆண்டு, சல்லிக் கிராமத்திலிருந்து வந்த சூசைப்பிள்ளையின் வாயிலிருந்து. "சத்தியமா விட்டுட்டன், மிஸ்" என்றார். நீல வயிற்று ஈ ஒன்று கீழுதட்டில் ஏறி நின்று, இறக்கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனது. ஊர் அதை இரண்டு நாள் கதைத்துவிட்டு, சீனி விலைக்குத் திரும்பியது.

உதவி ஆலோசகர் ஐவிக்கு இது வசதியாகக்கூட இருந்தது. யார் பின்மதிலால் சாராயம் எடுப்பிக்கிறார்கள் என்று இனி வாயை மணந்து பார்க்கத் தேவையில்லை. தலைமை ஆலோசகர் ஒருவர் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது; கடைசிவரை அவர் வருவதாகவே இருந்தார். ஆகவே வாந்தி அள்ளுவதும், மூத்திரப் பாய் கழுவுவதும், பிறகு அதே ஆட்களுக்கு இதமாகப் புத்தி சொல்வதும் உதவியின் வேலையாயிற்று. சபைத் தலைவர் கனகரத்தினம், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, "எமது இல்லத்தில் குணமடையாதோர் எவருமிலர்" என்று பேச்சைத் தொடங்கினால் முன்வரிசை குடை விரிக்கும். அவரோ முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டு மாம்பழக் காலத்தைக் குறை சொல்வார், மார்கழியிலும்.

அவர் போட்ட விதி ஒன்றுதான் ஐவியைக் கெடுத்தது. புதிதாக வருபவனின் கையைப் பிடித்து, "உங்களில எங்களுக்கு அருவருப்பில்லை" என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் அவள் மனதாரச் சொன்னாள். பிறகு போனவனே திரும்பி வந்து, மூன்றாம் தரமும் அவளுடைய மடியிலேயே கக்கியபோது, அவளுடைய நாக்கிலும் ஏதோ ஊர்ந்தது. அன்றிலிருந்து கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள். நாற்றத்துக்காக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பின்னேரம் குசினிக்குப் பின்னால் நின்று லேஞ்சியை உதறுவாள்.

அறுபத்தைந்தில் அவளுடைய கணவனையே கொண்டுவந்து போட்டார்கள். இக்னேசியஸ் வெள்ளைக்காரனின் நேவி யாட்டில், கப்பல்துறையில், கிறேன் ஓட்டியவன். வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு போத்தலைத் தவிர வேறொன்றையும் தூக்கவில்லை. வீட்டைவிட்டு அவனைக் கலைத்தவளும் ஐவிதான். அவனுக்கு மட்டும் அவள் அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

வெளியேறுகிற நாளில் குடித்தவன் சபைக்கு முன்னால் "விட்டுட்டன்" என்று சொல்ல, வீட்டுக்காரர் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். ஒருவரும் பொறுப்பெடுக்காதவன் நேரே தவறணைக்குக் குடிக்கத்தான் போவான். கனகரத்தினம் மாலையோடு நின்றார். இக்னேசியஸ் சொன்னான். மண்டபம் காத்திருந்தது. ஒன்றும் பறக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த ஸஹாப்தீன் எட்டி அவனுடைய வாய்க்குள்ளேயே பார்த்துவிட்டு, "சுத்தமாக் கிடக்கு, மிஸ்" என்றார்.

"ஐவி, வீட்டை வரட்டோ? என்னில இன்னும் அருவருப்போ?"

"விதிப்படி சொல்லுங்கோ, மிஸிஸ்" என்றார் கனகரத்தினம்.

அவள் லேஞ்சியை எடுத்தாள். இக்னேசியஸ் அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கினான்.

"அருவருப்பில்லை" என்றாள். சொல் முடிய முன்னமே ஈக்கள் கொட்டின. கொழுத்தவை, வருடக்கணக்காக அடைபட்டவை. பூமாலை கறுத்தது. கனகரத்தினம் வாயைத் திறந்து, நல்லவேளையாக உடனே மூடிக்கொண்டார்.

"இருக்கு" என்றாள் ஐவி. "நீங்க கக்கின பாயை நான் இன்னும் கனவில கழுவுறன். கிட்ட வந்தா வயித்தைப் பிரட்டுது. எண்டாலும் வாங்கோ."

ஒன்றும் பறக்கவில்லை.

இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு பாலையூற்றில், தேத்தண்ணி நன்றாயிருக்கிறது என்று சொல்ல நினைப்பவர்கள் முதலில் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள்.