பெட்டி மூடுவதற்குள் வார்சா

1

இந்தக் கதையைத் தொடங்கியது நான் இல்லை. தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஏஞ்சலின்தான். என் தெருக்காரி, இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை.

"போனை நோண்டிகினுதானே கீறே? சென்னைலேர்ந்து வார்சா எவ்ளோ நேரம்னு பாரு."

பார்த்தேன். ஏறக்குறைய ஆறாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்பது மணி நேரம்.

வார்சா! போலந்தின் தலைநகரம்; மொழிபெயர்ப்பு நாவல்களில் நான் எத்தனையோ முறை இறங்கிய ஊர். பனி, டிராம், பாலத்தின் மேல் தனியாக ஒருவன்…

"கேன்டீன்ல சோறு போடுவாங்களாடா?" என்றாள்.

2

முதல் வரி: பனி பெய்துகொண்டிருந்த மாலையில் ஏஞ்சலின் அந்தப் பாலத்தை

(நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் கும்மிடிப்பூண்டியையே தாண்டவில்லை.)

மறுபடியும்: அங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏஞ்சலினுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். அப்பா பாக்கியநாதன் இன்னும் தலையாட்டவில்லை.

(அவரை முரடராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவருக்குக் கோபமே வராது.)

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் சவப்பெட்டியை மூடுகிறவர் அவர். ஆணியைக் கையில் பிடித்தபடி, "எல்லாரும் பாத்துகினீங்களா?" என்று மூன்று முறை கேட்பார். மூடியதைத் திறக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மனைவி இறந்தபோதும் அவரேதான் மூடினார். குவைத்திலிருந்து மகன் எட்வர்ட் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது.

மகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "போ கண்ணு, வேணான்னு சொல்லல. நான் செத்தா, பெட்டி மூடறதுக்குள்ள வந்துருவியா?"

3

"ஒம்போது மணி நேரம்பா. ஒரு ஷிஃப்டு, மேல கொஞ்சம் ஓவர்டைம்" என்றாளாம். அவர் முகம் தெளிந்ததாம்.

* அடிக்குறிப்பு போல ஒன்று: அந்த ஒன்பது மணி நேரம், இல்லாத விமானத்துக்குச் சொந்தமானது. இரண்டு ஊருக்கும் நடுவே கோடு இழுத்து, வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. லீவு கேட்டு, டிக்கெட் தேடி, நடுவில் எங்கோ இறங்கிக் காத்திருந்து…

ஏஞ்சலினிடம் சொன்னேன்.

"தெரியும்டா. ஏஜென்ட்டே சொல்லிட்டாரு. நீ அப்பா கிட்ட உளறி வெக்காத. லைன்ல நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு. உன்ன மாதிரி புக்குலயே ஊரு சுத்திகினு கெடக்கணுமா நானு?"

(கடைசி வாக்கியத்தை வெட்டிவிட நினைத்தேன். விட்டுவைத்திருக்கிறேன்.)

4

முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் போகிறாள், அவர் நூறு வயது வாழ்கிறார்: சோம்பேறித்தனம். இன்னொன்றில் விமான நிலைய வாசலில் இருவரும்… எனக்கே அழுகை வந்தது, அதனால் நம்பவில்லை. மூன்றாவதில் அவள் போகவில்லை. எழுதும்போது உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கிழித்துப் போட்டேன்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாக்கியநாதனே என் வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, நீ படிக்கிற புள்ள. எட்வர்டும் அஞ்சு மணி நேரம்னுதான் சொல்லிட்டுப் போனான். இன்னா ஆச்சு? நெசத்த சொல்லு. அந்த பிளேனு அங்க ஏறுனா, நேரா இங்க வந்துதான் எறங்குமா?"

அவருக்குப் பின்னால், தெருவில், ஏஞ்சலின் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள்.

இந்த இடத்தில் நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவர் கேள்வி இப்போது உங்களிடம். ஆனால் வெகு நேரம் யோசிக்காதீர்கள்; நீங்கள் தயங்கினால் அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.