நூல்கண்டுக்குப் பின்னால்

கணினியில் நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அடுத்ததைத் திறந்தார். அதிலும் முன்னால் ஒரு நூல்கண்டு, இழைகளை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக நின்றது. அதற்குப் பின்னால், ஏழெட்டு அடி தள்ளி, சுவரோரம் அவருடைய மனைவி. மனைவி என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் பார்த்தால் பாலில் கரைந்த ஏதோ ஒரு நிறம் என்பார்கள்.

மகள் கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்துபோயிருந்தது.

“அப்பா, ஃபிரேம் கடைக்காரர் மறுபடியும் போன் பண்ணிட்டாரு. பன்னெண்டுக்குள்ள படம் அனுப்பினாத்தான் மூணு மணிக்குக் குடுக்க முடியுமாம். மூணரைக்கு வண்டி வந்துடும்.”

“பாத்துட்டுத்தாம்மா இருக்கேன்.”

“ஒண்ணே ஒண்ணு போதும்ப்பா. அம்மா மூஞ்சி தெரியற மாதிரி. இத்தனை ஆயிரம் இருக்குல்ல?”

இருந்தது. பதினோராயிரத்துக்கும் மேலே இருந்தது.

அவர் பார்த்த வேலையை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். லென்ஸ்களை வாடகைக்கு விடும் கடை ஒன்று, எந்த லென்ஸை வாங்குவதானாலும் முதலில் அவரிடம் அனுப்பும். கிட்டே இருப்பதை ஒரு லென்ஸ் எவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது என்று சொல்லக் கருவிகள் உண்டு. பின்னால் இருப்பதை அது எவ்வளவு அழகாகக் கலைக்கிறது என்று சொல்ல மனிதக் கண்தான் வேண்டும். சில லென்ஸ்கள் பின்னணியை வெண்ணெய் மாதிரி உருக்கிவிடும். சிலது பிசிறு பிசிறாக இழுத்து, பார்க்கிறவருக்கே எரிச்சல் வரவழைக்கும். சிலது தூரத்து ஒளிப் பொட்டுகளை நறுக்கிய வெங்காயம் போல வளையம் வளையமாக்கும். அவர் பார்த்து, ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி, மதிப்பெண் போடுவார். அவர் சரி என்றால் கடைக்காரர் மறுபேச்சு பேசமாட்டார்.

ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டுமானால் பின்னணி மாறக்கூடாது, இல்லையா? அதனால் முன்னால் எப்போதும் அதே நூல்கண்டு. பின்னால் எப்போதும் மனைவி, ஜிகினா வைத்த ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு. முடி எப்படிக் கலைகிறது, தோல் எப்படிக் கலைகிறது, ஜிகினாப் பொட்டுகள் எப்படி வட்டமாகின்றன, எல்லாம் ஒரே ஆளிடம் பார்த்துவிடலாம். இருபத்தாறு வருஷம். கூப்பிட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பாள்.

மனைவியின் தம்பி டீயோடு உள்ளே வந்தார்.

“இதைக் குடிங்க அத்தான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல நீங்க.”

“உன் போன்ல இருக்காதா? நல்லாத் தேடினியா?”

“தேடாமயா? அவ எங்க நின்னா? போனைத் தூக்கினாலே கையிலேர்ந்து பிடுங்கிடுவா. ‘என்னைத்தான் வீட்ல தினம் எடுக்கறாரே, நீங்க நில்லுங்கடா’ம்பா. என் போன்ல எங்க குடும்பமே பல்லைக் காட்டிட்டு நிக்குது. எல்லாம் அவ எடுத்தது.”

எங்கக்காவ நாங்க கல்யாணம் பண்ணிக் குடுத்தோம், அத்தான் பின்னணிக்கு வச்சுக்கிட்டாரு என்று வருஷக்கணக்காகக் கேலி பேசிய ஆள் அவர். சொல்லும்போதெல்லாம் அக்காதான் முதலில் சிரிப்பாள். இன்றைக்கு அவர் டீயை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கல்யாணப் படம்?” என்றார்.

“நாப்பது வருஷம் ஆச்சு மாமா,” என்றாள் மகள். “ யாரு இந்தப் பொண்ணுன்னு பக்கத்து வீட்லயே கேப்பாங்க. அடையாள அட்டையில இருக்கறது இன்னும் மோசம். யாரையோ அடிக்கக் கையை ஓங்கின மாதிரி இருக்கா.”

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே நின்றும் விட்டது.

மகள் நாற்காலிக்கு அருகில் வந்தாள். “ஒரு தடவையாவது தப்பியிருக்காதாப்பா? நூல்கண்டை விட்டுட்டு ஃபோகஸ் அம்மா மேல விழுந்திருக்காதா?”

“விழும். எத்தனையோ தடவை விழுந்திருக்கு.”

“அதெல்லாம் எங்க?”

அவர் விசைப்பலகையின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“அது சோதனைக்கு ஆகாதும்மா. பின்னணியே தெளிவா விழுந்துட்டா அப்புறம் மதிப்பெண் போட என்ன இருக்கு? அன்னன்னிக்கே அழிச்சிடுவேன்.”

மைத்துனர் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது அப்படியே நிறைந்திருந்தது. மகளும் பின்னாலேயே போனவள், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“கேமராலயும் ஒண்ணும் இல்லையா?”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு லென்ஸைச் சோதித்தார். சீட்டு எழுதி வைத்தாயிற்று. வேண்டாத படங்களை மறுநாள் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலையில் அவள் சமையலறையில் விழுந்தாள். சாயங்காலத்துக்குள் மருத்துவமனையில் எல்லாம் முடிந்துபோயிற்று. படங்கள் கேமராவிலேயே இருந்தன. அந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் வேறு கொஞ்சம் தளர்வாக இருந்தது, கை பட்டாலே ஃபோகஸ் நழுவிவிடும். நல்ல தளர்வாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

மொத்தம் முப்பத்தைந்து படங்கள். கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நூல்கண்டு, நூல்கண்டு, நூல்கண்டு. முப்பத்தொன்றாவது படத்தில் நூல்கண்டு கலங்கிப்போயிருந்தது. அவள் தெளிவாக இருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். இன்னொரு கை சால்வைக்குள்ளே, இடப்பக்கம், மார்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. கீழுதடு பல்லுக்கடியில். உதட்டுக்கு மேலே முத்து முத்தாக வியர்வை. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சாங்க?” என்று அப்போது கேட்டாள். கண்ணை எடுக்காமலே அவர், “இன்னும் நாலு,” என்றார்.

அந்த நாலும் வரிசையாக அடுத்தடுத்து இருந்தன. பளிச்சென்று நூல்கண்டு, பின்னால் வெண்ணெய். சீட்டு மேசை மேலேயே கிடந்தது, அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில்: ‘பின்னணி மிக அமைதி. உறுத்தல் எதுவும் இல்லை. பத்துக்கு ஒன்பது.’

எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த வெண்ணெய்க்கு நடுவே, இடப்பக்கம், ஒரு மடிந்த முழங்கை இருந்தது. கணினியில் போன மாதத்துப் படங்களைத் திறந்தார். அங்கேயும் அந்த மடிப்பு. அதற்கு முந்தைய மாதத்திலும். அதற்கும் முந்தைய மாதம், முதல் வாரத்தில் இல்லை, மூன்றாம் வாரத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதியிருக்கிறார்.

“கிடைச்சுதாப்பா?”

மகள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. கேமராவை மறைக்கவும் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“என்னைக்கு எடுத்தது இது?”

“செவ்வாக்கிழமை.”

“ராத்திரி எங்கிட்ட போன்ல பேசினாளே. நல்லாத்தான் பேசினா.”

“நாலு படம் கூட எடுத்துட்டேம்மா,” என்றார் அவர்.

அவர் தோளைத் தொட வந்த அவள் கை, தொடாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

“இதை அனுப்ப வேண்டாம்ப்பா,” என்றாள் கடைசியில். “அட்டையில இருக்கறதையே அனுப்பிடறேன். எந்திரிங்க. வேற சட்டை போடுங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க.”

மூன்றரைக்கு வண்டி வந்துவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். தூக்குகிறவர்கள் சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். மைத்துனர் அவர் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

“மூடறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க அத்தான்.”

அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்ணாடியை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கிட்டே போகப் போக அவள் முகம் கரைந்துகொண்டே போயிற்று. நெற்றி எங்கே முடிந்து முடி எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை.

“கண்ணாடி கொண்டு வரட்டாப்பா?”

வேண்டாம் என்று தலையசைத்தார். நிமிர்ந்து அரையடி பின்னால் வந்தார். போதவில்லை. இன்னும் அரையடி. முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இன்னும் கொஞ்சம் வந்தார். அவளுடைய இமைமயிர் தனித்தனியாகத் தெரிகிற இடத்தில் நின்றுவிட்டார். வாசலுக்குப் போகிற வழி முழுவதையும் மறித்துக்கொண்டிருந்தார்.

மூடியைக் கையில் வைத்திருந்தவர் மைத்துனரைப் பார்த்தார்.

“கொஞ்சம் கீழ வைங்க அதை,” என்றார் மைத்துனர்.