இரும்புக்குத் தைரியம் சொல்பவள்

எங்கள் பட்டறையில் உருகின இரும்பு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் அச்சுக்குள் இறங்காது. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கைக்குழந்தைக்காரிகளை வேலைக்கு எடுக்கிறார்கள். எனக்கு மனிதர்களிடம் அவ்வளவாகப் பேச்சு வராது. இரும்பிடம் வரும்.

பயந்துபோய் இறங்கினால் இரும்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆறின பிறகு அந்த மூச்சு ஓட்டையாக நின்றுவிடும். போன வாரம் என் கையில் ஒரு மோட்டார் பம்பு அப்படிப் போயிற்று. இன்னொன்று போனால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி மாரண்ணன் சொல்லியிருந்தார்.

நேற்றைய இரும்பு நிறையக் கேள்வி கேட்டது.

மரத்தில் ஒரு பம்பு செய்து, ஈர மண்ணுக்குள் வைத்து இறுக்கி, மெதுவாக எடுத்துவிட்டோம், அது விட்டுப்போன பள்ளம்தான் உன் இடம் என்றேன். மரம் எங்கே என்றது. வெளியே பத்திரமாக இருந்ததைக் காட்டினேன். இருட்டில் மூச்சு முட்டாதா என்றது. மண்ணில் கம்பியால் குத்தி வைத்த துளைகளைக் காட்டினேன். உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் நிரம்பித் தூங்கு, ஆறினதும் மண்ணை உடைத்து எடுத்துவிடுவோம் என்றேன்.

மஞ்சளாக இருந்தது சிவக்கத் தொடங்கியது. இன்னும் ஆறினால் கரண்டியிலேயே இறுகிவிடும். கரண்டியைப் பிடித்திருந்த வேலுமணி பிடியை மாற்றிப் பிடித்தான்.

"அக்கா, கொஞ்சுனது போதும். என்ற கை கழண்டுரும்."

"மண்ண ஒடைக்கறப்ப நீங்க இருப்பீங்களா?" என்று இரும்பு கேட்டது.

இருப்பேன் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. அது ஆறுவதற்குள் எங்கள் வேலை நேரம் முடிந்துவிடும். பொய் சொன்னாலோ அதற்குத் தெரிந்துவிடும்.

"இருக்கறேன் கண்ணு. மூச்ச விட்டுட்டு எறங்கு."

இறங்கியது. துளைகளில் நீலமாகத் தீ எட்டிப் பார்த்தது. வீட்டில் பாப்பாவுக்கு அவள் அப்பாவையே கஞ்சி ஊட்டச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, அச்சு மண் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சை விட்டதா இல்லையா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மண்ணை உடைத்தார்கள். மாரண்ணன் சுத்தியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஓட்டை இல்லை. நான் வாசல்வரைக்கும் போனதும் பம்பு அழ ஆரம்பித்தது.

"பழகற வரைக்கும் ஊட்டுல வெச்சுக்குங்க அம்மிணி. திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க," என்றார் மாரண்ணன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, அஞ்சு வயசு ஆகிவிட்டதா என்று கேட்டார். இன்றைக்குத்தான் பிறந்தது என்றேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.