முறத்துக்குப் பின்னால் நியூஸ் ரீல்

ராயபுரம் துறைமுகத்துக் கிடங்கில் கப்பல் கோதுமை புடைக்கிற பெண்களுக்குள்ளே பச்சையம்மாவின் வாய்க்குத் தனி மவுசு. கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓட்டுகிறார்களே சர்க்கார் நியூஸ் ரீல், அந்தக் குரல் அவளுக்கு அச்சாக வரும். அது ஓடுகிறபோது ஆம்பளைகள் எல்லாரும் பீடி குடிக்க வெளியே போய்விடுவார்கள். இவள் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

"ஆரம்பி பச்சே, கண்ணு சொக்குது" என்றாள் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த ஷம்ஷாத்.

பச்சையம்மா முறத்தை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"உணவுப் பஞ்சத்தை ஒழிக்கும் மாபெரும் பணி! இதோ, கோதண்டம் மேஸ்திரியவர்கள் மூட்டைமேல் சாய்ந்தபடியே ஓயாது உழைக்கிறார். அன்னாரின் குறட்டையொலிக்கு அஞ்சி, அயல்நாட்டு எலிகள் வந்த கப்பலிலேயே திரும்பிச் செல்கின்றன!"

எழும்பிய சிரிப்பு பாதியில் அறுந்தது. முறத்தை இறக்கினால், வாசலில் கோதண்டம் மேஸ்திரி.

அவள் அவசரமாகக் கோதுமையை அள்ளி முறத்தில் போட்டாள். சாயங்காலம் மேஸ்திரி கையால் பித்தளை வில்லை வாங்கினால்தான் மறுநாள் கேட்டுக்குள் விடுவார்கள். வில்லை இல்லையா, வேலையும் இல்லை.

"இன்னாமே அது சத்தம்?"

"நியூஸ் ரீலு, மேஸ்திரி."

"நியூஸ் ரீலா?" காதில் செருகியிருந்த பீடியை உருவினார். "அப்ப நான் வெளிய போறேன். முடிஞ்சதும் கூப்புடு."

போயே போய்விட்டார்.

"ஒண்ணும் கேக்கல போலக்கீது" என்றாள் ஷம்ஷாத். "மிச்சத்தயும் சொல்லிடுடி. நிறுத்துனாத்தான் சந்தேகம் வரும்."

பச்சையம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே மேஸ்திரியின் தொந்தி, மீசை எல்லாவற்றையும் நாட்டுக்கு அர்ப்பணித்து முடித்தாள்.

சாயங்காலம் வரிசையில் அவள் முறை வந்தது. மேஸ்திரியின் கை வில்லைப் பைக்குள்ளேயே நின்றது.

"செவுத்துக்கு அந்தாண்ட நின்னா அல்லாம் கேக்குது, தெரியுமா?"

"மேஸ்திரி, வாய் கொழுப்புல ஏதோ..."

"உள்ள நின்னு கேட்டா உன்ன தொரத்தணும்மே. மேஸ்திரியாச்சே நானு. அதான் பீடிக்குப் போனேன்." வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தார். "நாளைக்கு கப்பல் கம்பெனி லியோனார்ட் தொர கிடங்கப் பாக்க வராரு. அவரு கெளம்பின பிற்பாடு, அவர வச்சு ஒரு ரீலு ஓட்டு."

"அப்பவும் நீங்க பீடிக்கு..."

"போவமாட்டேன். மொத வரிசை மூட்டைல எனக்கு எடம் போட்டு வையி."