மூன்றாம் அங்கத்துக் காபி

மாதங்கி இரண்டாம் அங்கத்தில் காபி போட உள்ளே போனாள். ஏழு வருஷம் வெளியே வரவில்லை. நாடகம் மட்டும் ஒரு நாளும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

நடந்த இடம், கல்கத்தாவில் கரியாஹாட்டுக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்த தமிழ் நாடக அரங்கம். அங்கே சொந்தமாக நடிகர்களும் பதினொரு நாடகங்களும் இருந்த காலம் அது. வாரத்துக்கு ஒரு நாடகம் மாறும். கல்கத்தாத் தமிழர்களுக்கு அந்த அரங்கம் பாதி கோயில், பாதி கல்யாணத் தரகர். வீட்டில் பெங்காலி பேசும் பிள்ளைகள் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டது அங்கேதான். இடைவேளை வடைக்காக வந்த பெங்காலிகள், ஒரு வார்த்தையும் புரியாமல், அழவேண்டிய இடத்தில் தமிழர்களுக்கு முன்பே அழுதார்கள். சோக நாடகம் போடுகிற வாரம் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கார்ப்பரேஷன்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மழை என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

பதினொரு நாடகத்துக்கும் ஒரே கதவுதான். கிடர்பூரில் பழைய கப்பல் சாமான் விற்பவரிடம் வாங்கியது. ஏதோ ஒரு காப்டனின் அறைக் கதவு. அதன் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், அப்புறம் சுவர். உலகம் சுற்றிய கதவு ஓரிடத்தில் சும்மா நிற்குமா என்று வாங்கும்போது யாரும் யோசிக்கவில்லை.

சந்தானம்தான் டைரக்டர், கதாநாயகன், மேடைக்கு வெளியிலும் மாதங்கியின் கணவர். அந்த வாரத்து நாடகத்தில் அவருக்கு வறட்டு கௌரவம் பிடித்த புருஷன் வேஷம். மனைவி கோபித்துக்கொண்டு காபி போட உள்ளே போவாள், மூன்றாம் அங்கத்தில் அவர், “தப்பு என்மேலதான், காபி கொண்டு வா” என்று கூப்பிடுவார், அவள் வருவாள். அந்தக் கைதட்டலில் காளிகாட் வரை ஜன்னல் கண்ணாடி உடையும். ஆனால் அதற்குள் கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஜனங்கள் எழுந்துவிடுகிறார்கள் என்று சந்தானம் அந்தக் காட்சியை வெட்டினார். மெட்ரோ உண்மைதான். கைதட்டல் முழுக்க மாதங்கிக்கே போனதும் உண்மைதான்.

“அப்போ நான் எப்ப வெளியில வரது?” என்று மேக்கப் அறையில் மாதங்கி கேட்டாள்.

“வரவேண்டாம். அம்மா தூங்கிட்டான்னு சிதம்பரத்தை விட்டுச் சொல்லிடறேன்.”

“ஓஹோ. சரி.”

சிதம்பரம் நாடகத்தில் அவர்கள் மகன். அன்று அவன், “அம்மா தூங்கிட்டா” என்றான். திரை விழுந்ததும் போய்ப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஊரெங்கும் அவளைப் பார்த்தார்கள். கார்டன் ரீச்சில் ஒரு ரயில்வே அதிகாரியின் சமையலறையில், கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையின் உள்ளறையில், தட்டில் இரண்டு டம்ளர் காபியோடு கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாளாம். சந்தேஷ் மிட்டாய் கொடுத்தால் வேண்டாம் என்பாள், நாற்காலி போட்டால் உட்காரமாட்டாள், நாடகம் முடிகிற நேரத்துக்கு மறைந்துவிடுவாள். காபியில் ஆவி மட்டும் குறையவேயில்லை.

இந்த நாடகம் மேடையில் இருந்தால்தானே வருவாள் என்று சந்தானம் மற்ற பத்து நாடகங்களையும் மூட்டை கட்டிவிட்டு இதையே தினமும் போட்டார்; மனைவி வேஷத்துக்கு வேறு ஆள் போடாமல், அவள் வசனம் வரும் இடத்திலெல்லாம் கதவைப் பார்த்தே நடித்தார். ஒரே நாடகத்தை எத்தனை நாள் பார்ப்பது? ஜனம் குறைந்தது, நடிகர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், வடைச் சட்டி துருப்பிடித்தது. திரை விழுந்தபின் சந்தானம் கதவில் நெற்றியை வைத்துத் தமிழ், பெங்காலி, இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்பார். கடைசியில் அவர் இளைத்த இளைப்பில், ஜிப்பாதான் நடித்தது. அவர் அந்த ஜிப்பாவுக்குள் சும்மா துணைக்குப் போய்வந்தார். கட்டிட உரிமையாளர் அரங்கத்தை விருந்து மண்டபம் ஆக்கப்போவதாகச் சொல்லி நாள் குறித்தார். அரங்கம் போனால் நாடகம் போகும். நாடகம் போனால் அவள் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று என்ன பிரயோஜனம்?

கடைசி நாள் இடைவேளையில், பக்கத்துத் தெரு ஸ்னேகா மூச்சிரைக்க மேடைக்குப் பின்னால் வந்தாள்.

“அங்கிள், மாதங்கி மாஷிமா எங்க கிச்சன்ல நிக்கறாங்க. யாருமே கூப்பிடலைங்கறாங்க.”

“தினம் கூப்பிடறேனே அம்மா. கதறிண்டு கூப்பிடறேன்.”

“திரை விழுந்தப்புறமாமே? மூணாவது அங்கத்துல, மேடையில, அந்த லைன் சொல்லிக் கூப்பிடணுமாம். அதுக்கு முன்னாடி எந்த ஆக்ட்ரஸாவது வருவாளான்னு கேக்கச் சொன்னாங்க.”

சந்தானம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒருமுறை திரை தீப்பிடித்து எரிந்தபோதுகூடத் தன்னைக் கூப்பிடும் வசனம் வரும்வரை பக்கவாட்டில் காத்திருந்து, வந்தபின் வேஷம் கலையாமல் அணைத்தவள் மாதங்கி. இதை மறந்துவிட்டு ஏழு வருஷம் கதவில் முட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் அங்கம். சிதம்பரம் பழக்கதோஷத்தில், “அம்மா தூங்கிட்டா” என்றான். சந்தானம், “தூங்கலைடா” என்றார். முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். சந்தானம் கதவைப் பார்த்துத் திரும்பினார். நகரத்தில் அத்தனை வாகனங்களும் ஹாரனை நிறுத்தின என்பார்கள். கல்கத்தாவில் இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

“தப்பு என்மேலதான். காபி கொண்டு வா.”

கதவு திறந்தது. அதே நீலப்புடவை, ஒரு நரை இல்லை, காபி கொதித்தது. மாதங்கி வசனத்தில் ஒரு எழுத்து விடாமல் சொல்லி முடித்தாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இவ்வளவு நாழியா பண்ணினேள்?” என்றாள். அது நாடகத்தில் இல்லை. கைதட்டல் ஓய்வதற்குள் கடைசி மெட்ரோ போய்விட்டது. எல்லாரும் அழுதுகொண்டே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

அரங்கம் தப்பவில்லை. மறுவாரம் அங்கே பிரியாணி அண்டா இறங்கியது. கதவை மட்டும் கைவண்டியில் ஏற்றிச் சந்தானத்தின் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாலையானால் நடிகர்கள் வேஷம் போட்டு அதில் வரிசையாக நுழைகிறார்கள். ஊரில் ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்து ஆடுகிறார்கள். பதினொரு நாடகமும் திரும்பிவிட்டன, ஒரு காட்சிகூட வெட்டுவதில்லை. இன்று யார் வீட்டில் என்பது கதவு திறந்தால்தான் தெரியும். அதனால் கரியாஹாட்டிலிருந்து கார்டன் ரீச் வரை எல்லா வீட்டிலும் சாயங்காலம் ஒரு லிட்டர் பால் கூடுதலாக வாங்கி வைக்கிறார்கள்.